காய்ச்சல் இல்லாமல் வாங்கோ

பிள்ளைகளே, தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கு இலங்கையிலிருந்து ஒரு டாக்டர் குடிவந்தார். ஒல்லியான மனிதர். முன்னறையில் வைத்தியம், திரைக்குப் பின்னால் குடும்பம். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் மகளைக் கூப்பிட்டுச் சடை பின்னிவிடுவார்.

மருந்து வாங்கிக்கொண்டு யார் கிளம்பினாலும், "போயிட்டு வாங்கோ" என்பார். நம் ஊரில் ஆஸ்பத்திரியில் அப்படிச் சொல்லக் கூடாது. மறுபடியும் நோய் வந்துவிடும் என்பார்கள். ஒருநாள் என் மகனுக்கு ஊசி போட்டுவிட்டும் அதையே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன சார், பிள்ளைக்கு இன்னொரு வாட்டி காய்ச்சல் வரணுங்கீயளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சிறுத்துப்போனது. "ஐயோ, இல்லை அண்ணை. காய்ச்சல் இல்லாமல் வாங்கோ எண்டுதான் சொல்லுறன். என்ர பிள்ளையோட விளையாட ஒருத்தரும் வாறேல்லை."

உண்மைதான். அவர்கள் வந்து ஒரு வருஷமாகியும், மருந்துக்கல்லாமல் அந்த வீட்டுப் படியை நாங்கள் யாரும் மிதித்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு, சில்லுக்கருப்பட்டிப் பொட்டலத்தோடு போனேன். அந்தச் சிறுமிதான் கதவைத் திறந்தாள். எங்களைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஆருக்குக் காய்ச்சல், மாமா?"

"யாருக்கும் இல்லம்மா. இவன் உன்கூட விளையாட வந்திருக்கான்."

அவள் நம்பவில்லை. என் மகன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். திரையை விலக்கிக்கொண்டு டாக்டர் வந்து நின்றது தெரிந்தது. அவரை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.