காலித் தொட்டி

அவள் உயிரியல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் மீன்காரம்மா. முதுகுக்குப் பின்னால் சொன்னதை ஒருநாள் காதில் வாங்கிக்கொண்டு, மூஞ்சிக்கு நேராகவே கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அதுவே நிலைத்துப்போனது. கல்யாணச் சீராக வந்த பெரிய பாத்திரத்தில் மீன் வளர்த்தவள் என்று மாமியார் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு தொட்டி வைத்தாள். இரண்டிலும் ஒரே கூட்டத்துக் கப்பி என்ற சின்ன வண்ண மீன்கள், ஒரே பழுப்புக் கூழாங்கல். ஒன்றில் மட்டும் ஒரு வேட்டைமீனை விட்டாள். பளபளவென்று வால் வீசித் திரிந்த ஆண்மீன்கள்தான் முதலில் அதன் வாய்க்குள் போயின. மங்கலானவை தப்பின, குட்டி போட்டன. பேரன், கொள்ளுப்பேரன் என்று பல தலைமுறை ஓடுவதற்குள் அந்தத் தொட்டி மீன்கள் கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டன. பக்கத்துத் தொட்டியிலோ சிவப்பும் நீலமுமாக ஒரே கும்மாளம். பிள்ளைகள் மாதாமாதம் பார்த்து நோட்டில் எழுதினார்கள். இயற்கைத் தேர்வு பாடத்துக்கு அவள் கரும்பலகைப் பக்கமே போகவில்லை.

தலைமையாசிரியருக்கு ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. வருகிறவர்களை வண்ணத் தொட்டி முன்னால் நிறுத்திப் போட்டோ எடுப்பார். மற்றது அவருக்குச் சாக்கடை. ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்றதும், அதிலும் கடையிலிருந்து கலர் மீன் வாங்கிக் கொட்டச் சொன்னார். மூன்று வருடப் பாடத்தைப் பொய்யாக்கச் சொல்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடியாது என்றாள்.

"அப்ப நாளையோட லேப் சாவிய என்கிட்ட கொடுத்துடுங்க. தொட்டியக் கழுவிக் கவுத்துடலாம்."

கொஞ்சம் வளைந்து கொடுத்தால் என்ன என்று வீட்டில் கணவர் கேட்டார். வளைவதற்கு நான் என்ன கம்பியா என்று அவரையும் உட்காரவைத்துவிட்டாள்.

மறுநாள் அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் முந்திக்கொண்டு, அது காலித் தொட்டி, இன்றைக்கே எடுத்துவிடுவோம் என்றார். அதிகாரியும் தலையாட்டிவிட்டு நகரப் பார்த்தார். மீன்காரம்மா குறுக்கே வந்து நின்று தலைமையாசிரியரைப் பார்த்தாள்.

"எத்தனை மீன் இருக்குன்னு எண்ணிச் சொல்லுங்க சார்."

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். வேட்டைமீனோடு சேர்த்து மூன்று என்றார். அவள் ஒரு சிட்டிகை தீனி தூவினாள். வெறும் கல் என்று கிடந்த இடத்திலிருந்து மீன்கள் மேலே வந்தன, வந்துகொண்டே இருந்தன. பிள்ளைகள் சத்தமாக எண்ணினார்கள். நாற்பத்தொன்று.

"இதெல்லாம் உயிரோட இருக்கிறதே, உங்க கண்ணு மாதிரி கண்ணுல படாமத் தப்பிச்சதாலதான் சார். சாவி வேணும்னா இப்பவே தர்றேன். இவர் முன்னாடியே கேளுங்க."

அவர் அன்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.