இரண்டாவது வட்டம்

புதுச்சேரி மராமத்து ஆபீசில் பிரெஞ்சு துரைகளுக்கு வீடு வரைந்து கொடுத்தவன் நான். பாகூருக்குக் கிழக்கே கடலோரத்தில் எனக்கென்று ஒரு வீடு வரைந்தபோது எட்டு முறை கிழித்துப் போட்டேன். புது மோஸ்தராக இருக்கவேண்டும், ஆனால் இடத்தைக் கெடுக்கக்கூடாது என்று ஒரு வெறி. மணல்மேட்டை வெட்டாமல் அதை ஒட்டியே வீட்டைத் தாழ உட்காரவைத்தேன். ஒரு பனையைக்கூடச் சாய்க்கவில்லை. கடற்காற்று கூடத்தில் புகுந்து கொல்லைப்புறமாக வெளியேற ஜன்னல்களை எதிரெதிரே வைத்தேன். பார்வைக்கு அழகாக இருக்குமே என்று கிணற்றை முன்பக்கம், கடலைப் பார்த்து, ஒரு வட்டமாகப் போட்டேன்.

என் மனைவி அப்போது பாகூரில் தாய்வீட்டில் இருந்தாள். "உப்புத் தண்ணியில பருப்பு வேவாது. நா அந்த வூட்டுக்கு வரமாட்டேன், நீங்களே இருந்துக்குங்க" என்று சொல்லிவிட்டாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆபீசில் கோடு போட்டால் கோணிக்கொண்டு போனது. ஞாயிறுதோறும் சைக்கிளில் போய் மேஸ்திரியின் உயிரை வாங்கினேன்.

ஒரு ஞாயிறு போனபோது முன்பக்கக் கிணற்றை மணல் போட்டு மூடியிருந்தார்கள். கொல்லைப்பக்கம், மேற்கே, புதிதாக ஒன்று வெட்டியிருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"இன்னா மேஸ்திரி, யாரக் கேட்டு இங்க வெட்டுன?"

"முன்னாடி உப்புங்க. அதான் நீங்க போட்ட ரெண்டாவது வட்டத்துல வெட்டிட்டேன்."

படத்தை விரித்து மேற்கு ஓரத்தில் விரலை வைத்தார். அது கிணறு இல்லை, திசை எழுத்து. பிரெஞ்சில் மேற்குக்கு 'ஓ' போடுவோம், வட்டமாகத்தான் இருக்கும். அவரோ கடலூரில் இங்கிலீஷ் வரைபடங்களைப் பார்த்துக் கட்டிப் பழகியவர்; அதில் மேற்குக்கு 'டபிள்யூ'.

"ஒண்ணு உப்பானா இன்னொண்ணு. நல்லா யோசிச்சுதான் போட்டிருக்கீங்க" என்று வாளியை நீட்டினார். தண்ணீர் இளநீராக இருந்தது. நான் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

எனக்கு முன்னால் மேஸ்திரி சொன்ன சேதி பாகூருக்குப் போய்விட்டது. மறுவாரமே அவள் பெட்டி படுக்கையோடு மாட்டுவண்டியில் வந்து இறங்கினாள். அன்று பருப்பு குழைய வெந்திருந்தது. பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"எனக்காவத்தான அந்த ரெண்டாவது வட்டத்தப் போட்டீங்க?"

அந்த வீட்டை வரையும்போது காற்றை நினைத்தேன், மணல்மேட்டை நினைத்தேன், பனைகளை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தேன். அவளை நினைக்கவில்லை.

"ஆமா" என்றேன். அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரை நான் ஒரு வாய்கூட நிம்மதியாகக் குடித்ததில்லை.