அவசரமில்லை என்று சொன்னேன்

கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் பயிற்சி ஆளாகச் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொன்பது வயது. அதுவரை மட்டாஞ்சேரி ஜூ டவுனில் ஒரு கிட்டங்கியில் மிளகு மூட்டை சுமந்தேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து மனைவி உண்டானாள். பிள்ளைக்காக நல்ல வேலை வேண்டும் என்று அவளுடைய தம்பிதான் யாரையோ பிடித்து இதை வாங்கித் தந்தான்.

மட்டாஞ்சேரியிலிருந்து ரயிலில் மும்பை, அங்கிருந்து ஹெலிகாப்டர். பதினாலு நாள் கடலில், பதினாலு நாள் வீட்டில். புது ஆளுக்குப் பச்சைத் தொப்பி கொடுப்பார்கள். கிரேன் ஓட்டுபவர் நாகர்கோவில்காரர். என்னைக் கண்டதும், "பச்ச வருது மக்கா, அவனவன் கை காலப் பத்திரமா வச்சுக்கிடுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். குழாய்க்குச் சங்கிலி மாட்டிவிட்டு அவருக்குக் குரல் கொடுக்க வேண்டும். எனக்குக் குரல் வராது. கையை மட்டும் ஆட்டுவேன்.

கைபேசி அங்கே எடுக்காது. ஞாயிறு பகலில் ஒரு மணி நேரம் ரேடியோ அறைத் தொலைபேசியைத் தருவார்கள். ஆளுக்குப் பத்து நிமிஷம். அவசரத்துக்கு வீட்டார் கூப்பிட அலுவலக எண் எழுதிய தாள் ஒன்றும் தந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. என்ன தாள் என்று கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டில் கொடுக்காமல் பைக்குள்ளேயே வைத்துக் கொண்டுவந்துவிட்டேன்.

முதல் ஞாயிறு பேசினேன். ஏழாம் மாதம் அவளுக்கு. "சாயா குடிச்சீங்களா? இருங்க, போனை வயித்துல வைக்கிறேன், ஏதாவது பேசுங்க" என்றாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "நல்லாருக்கியா" என்று மட்டும் சொன்னேன். "உதைக்குது" என்று சிரித்தாள்.

இரண்டாம் ஞாயிறு நான்தான் கடைசி ஆள். என் முறை வந்து, அறை வாசலில் கால் வைத்தபோது கிரேன்காரர் ஓடிவந்தார்.

"பாய், ஒனக்கு அவசரம் ஒண்ணும் இல்லல்லா? மவளுக்குப் பரீட்ச ரிசல்ட்டு. ரெண்டே நிமிசம்."

"இல்லண்ணே, பேசுங்க" என்றேன்.

மகள் பாஸாகியிருந்தாள். நேரம் முடியும்வரை பேசினார். ரேடியோ அறை ஆள் கதவைச் சாத்தினார். நான் வேலைக்குப் போனேன்.

புதன்கிழமை மும்பையில் இறங்கிக் கைபேசியைத் திறந்ததும் தவறிய அழைப்புகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் மனைவியின் தம்பி எண். கூப்பிட்டேன். "மச்சான், நேரா வீட்டுக்கு வாங்க" என்றான். உடனே வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமையே பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குறைமாதம் என்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டியில் மூன்று நாள் இருந்தது. திங்கள் காலையில் போய்விட்டது. அன்று பகலே பள்ளுருத்தியில் பள்ளிவாசலுக்குப் பின்னால் அடக்கிவிட்டார்கள். மனைவியின் தம்பி எடுத்த படத்தில் முகம் முழுக்கப் பிளாஸ்திரியும் குழாயும்.

"அத பாக்காதீங்க. அவ அப்படி இல்ல" என்றாள் மனைவி. "காது உங்க காது."

பிறகு அவள் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நர்ஸிடம் கெஞ்சி, கைபேசியை உள்ளே கொண்டுபோக அனுமதி வாங்கியிருக்கிறாள். வாப்பா குரலைப் பிள்ளை கேட்கட்டும் என்று. தையல் வலியோடு அந்தப் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்திருக்கிறாள்.

"அன்னிக்கு ஏங்க கூப்பிடல?"

"வரிசை பெருசா இருந்துச்சு" என்றேன்.

அவள் நம்பினாள். அதற்குப் பிறகு கேட்கவில்லை. பச்சைத் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்து வருஷங்கள் ஆகின்றன. ஞாயிறுகளில் முதல் ஆளாகப் போய் நிற்கிறேன். யார் கேட்டாலும் இடம் விடுவதில்லை. அவளிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அன்றைக்கு என் முறை வந்திருந்தது, எனக்கு முன்னால் வரிசையில் யாரும் இல்லை.