பத்துப் பாயிண்டும் வாயில் வராத நாள்

“...அதெல்லாம் வுடு மச்சான். சாமி கீதுன்னு இத்தினி வருசமா எங்கிட்ட பத்து பாயிண்ட் எடுத்து வுட்டுகினு இருந்தியே, அதுல ஒண்ணையாச்சும் அங்க வராண்டாவுல சொன்னியா?”

இப்படிக் கேட்டவன் என் சிநேகிதன் தணிகாசலம். கேட்ட இடம் ஆஸ்பத்திரிக் கட்டில். அந்தக் கட்டிலுக்கு அவன் வந்ததற்குக் காரணம் நான். அதைத்தான் அம்மனை நம்பியிருக்கும் உங்களிடம் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பல்லாவரத்தில் எனக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. வீடு கோவிலம்பாக்கம். என் படிப்பு எட்டாவதோடு நின்றது. மீதியைச் சந்தையில் படித்தேன். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் பழைய வயர் வாங்கப் போனால் பழைய புத்தகமும் இரண்டு வாங்கி வருவேன். கடவுள் உண்டு என்று எழுதியதையும் படிப்பேன், இல்லை என்று எழுதியதையும் படிப்பேன். நல்ல பாயிண்ட் கிடைத்தால் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். எல்லாம் தணிகாசலத்துக்காக. சாமி உண்டு என்று அவனை ஒருநாள் ஒப்புக்கொள்ள வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அவன் தோல் ஷெட்டில் வேலை பார்த்தான். ஷிப்டு முடிந்து சைக்கிளை என் கடையில் சாத்துவான். உட்காரும்போதே கச்சேரி ஆரம்பமாகும்.

“மோட்டார் தானா சுத்துமாடா? எங்கேருந்தோ கரண்ட் வரணுமில்ல? அப்ப இவ்ளோ பெரிய உலகம்?”

“கரண்ட் எங்கேருந்து வருது மச்சான்?”

“பவர் ஹவுஸ்லேருந்து.”

“பவர் ஹவுஸுக்கு எங்கேருந்து வருது?”

நான் யோசிப்பேன். அவன், “சரி சரி, யோசிச்சுகினே ரெண்டு டீ சொல்லு” என்பான்.

சந்தையில் மீன் விற்கும் அக்கா ஒருவர், மீன் புதுசா என்று கேட்டால், “வாயால சொன்னா எவன் நம்புவான்? செவுளைத் தூக்கிப் பாரு நைனா” என்பார். அந்த வார்த்தை அவனுக்கு உயிர். “உன் அம்மனுக்கு செவுளைக் காட்டச் சொல்லு, நம்பறேன்” என்பான். எனக்குக் கோபம் வரும். ஆனாலும் ஒருநாள் அவன் வரவில்லை என்றால் எனக்கு டீ இறங்காது.

ஆடி மாதம். எங்கள் அம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை கூழ் வார்க்க வேண்டும். முதல் நாள் சனிக்கிழமை காலையில் பந்தலுக்கு டியூப் லைட் போட்டுக்கொண்டிருந்தேன். வருடா வருடம் அந்த வேலை என் காணிக்கை. தணிகாசலமும் வந்துவிட்டான். “சாமிக்கு இல்ல, உனக்கு ஏணி புடிக்க” என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடுவான்.

இரவெல்லாம் தூறல் போட்டு மண் ஈரமாக இருந்தது. சந்நிதிக்கு எதிரே சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள், கூழ்க் கொப்பரை வைக்கப் போகும் இடம். அங்கே நட்டிருந்த இரும்புக் குழாயில் ஒரு டியூப் லைட் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. மெயினை அணைத்தேன். அவன் அந்த லைட்டைப் பார்க்கக் கிளம்பினான்.

“டேய், செருப்பைக் கழட்டிட்டுப் போ.”

“ரப்பர் செருப்புடா. ஈர மண்ணு. கரண்ட் வேல செய்றவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?”

“அம்மன் வாசல்டா. இங்க ஒண்ணும் ஆவாது. எனக்காகக் கழட்டேன்.”

எனக்காகக் கழட்டினான். வெறுங்காலோடு போய்ச் சோக்கை அசைத்துப் பார்த்து, “இப்ப போடு” என்றான். கை குழாயின் மேலேயே இருந்தது. நான் மெயினைப் போட்டேன். நான் சுற்றிய டேப்தான் தூறலில் நனைந்து இளகி, வயர் குழாயில் பட்டிருக்கிறது. அவன் கத்தக்கூட இல்லை. ஃபியூஸைப் பிடுங்கினேன். வாழைத்தார் விழுவதுபோல் கோலத்தின் மேல் விழுந்தான். மூச்சு இல்லை.

பக்கத்துத் தெருவில் இராணுவத்தில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர். ஓடி வந்தார். மார்பில் கையை வைத்து அழுத்தினார். வாயோடு வாய் வைத்து ஊதினார். ஒரு விக்கல் வந்தது. ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு பறந்தோம்.

டாக்டர் சொன்னார்: “இதயம் ஓடுது. நினைவு திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது. நாளைக்குப் பார்ப்போம்.”

அவன் மனைவி வள்ளி வந்தது. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது.

“அண்ணா, கால்ல செருப்பு இல்லையே? அவரு வூட்டுக்குள்ளயே செருப்போட திரிவாரே.”

“நான்தான் கழட்டச் சொன்னேன் வள்ளி.”

அது திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். முந்தானையால் அவன் காலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தது. பிறகு, “அப்போ நீயே போய்க் கேளுண்ணா உன் அம்மனை. எனக்கு அவரு வேணும்” என்றது.

வராண்டாவின் கோடியில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் போய் நின்றேன். உச்சி வெயில். கும்பிடக் கையைத் தூக்கினேன். நோட்டில் எழுதிய பாயிண்ட் எல்லாம் வரிசையாகத் தெரியும் எனக்கு. ஒன்றும் வரவில்லை. படைப்பு இருந்தால் படைத்தவர் இருப்பார் என்பது சரி. அந்தப் படைத்தவருக்கு என் தணிகாசலத்தைத் தெரியுமா? அதற்கு எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. என் நோட்டு என்னைக் கதவுவரை கொண்டுபோய் நிறுத்தியது. அதற்குமேல் அதற்குக் கால் இல்லை.

அந்தக் குழாயடியில் உட்கார்ந்து அழுதேன். “அம்மா, பக்தின்னு நெனச்சு புத்தியக் கழட்டி வெச்சுட்டேன். தப்பு என்னுது. அவன் உன்னைக் கும்பிடவே வேணாம். என்னைத் திட்டறதுக்காச்சும் அவனைக் குடுத்துடு.” இவ்வளவுதான் என் பிரார்த்தனை. சாயங்காலம்வரை இதையே சொன்னேன். பின்னால் வள்ளி வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. ஊரில் கூழ் வார்க்கும் நேரம். வார்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் கண் திறந்திருந்தது. என்னைத் தேடிப் பிடித்து, வறண்ட தொண்டையில் கேட்டான்: “லைட்டு எரிஞ்சுதாடா?”

நான் அந்த வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதேன்.

மார்பை அழுத்திய சாரும் டாக்டரும்தான் காப்பாற்றினார்கள் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அவர்கள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டவன் நான். அந்தக் கையை அந்த நேரத்தில் அங்கே அனுப்பியவள் என் தாய் என்பது என் சாட்சி. அதை நிரூபிக்க எனக்குத் தெரியாது. நிரூபிக்கும் ஆசையும் அன்றோடு போய்விட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டேன். பந்தல் வேலை மட்டும் விடவில்லை. இப்போது சந்நிதி எதிரே ஆனாலும் ரப்பர் செருப்போடுதான் வயரைத் தொடுகிறேன். அவள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அறிவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவும் அவள் கொடுத்ததே. அது இல்லாத பக்தி என்ன செய்யும் என்று பார்த்தவன் நான். ஆனால் ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு யாரும் அம்மாவிடம் சோறு கேட்பதில்லை. அவள் இருக்கிறாள் என்பது வேறு, எனக்கு இருக்கிறாள் என்பது வேறு. முதலாவதை யோசித்துக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவது, கூப்பிட்டால்தான் தெரியும். தெரிந்த பிறகு கூப்பிடலாம் என்று காத்திருப்பவர்கள் இதைப் படித்தால், காத்திருக்க வேண்டாம். உங்களுக்கு வரும் வார்த்தையில் கூப்பிடுங்கள்.

அவன் கண் விழித்த அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் வள்ளி அவனிடம் வராண்டாவில் நான் கிடந்த கிடையைச் சொன்னது. உடனே அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான், ஒரு பாயிண்டையாவது சொன்னாயா என்று.

“இல்லடா. ஒண்ணுகூட வாயில வரல” என்றேன்.

ஜெயித்துவிட்டேன் என்று சிரிப்பான் என எதிர்பார்த்தேன். அவன் என் கண்ணையே பார்த்தான், சிவந்து வீங்கியிருந்திருக்கும். பிறகு கட்டிலின் கம்பியைப் பிடித்து, முனகிக்கொண்டே சுவர் ஓரமாக நகர்ந்து, பாதிக் கட்டிலை எனக்குக் காலி செய்து தட்டிக் காட்டினான்.