இரண்டாவது பிரேக்

எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஒரு கார், ஒரு மேஜை, ஒரு மாஸ்டர். மேஜையில் நான். மாஸ்டர் என் அக்கா வீட்டுக்காரர். ஊருக்கெல்லாம் மாஸ்டர், எனக்கு மாமா. காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டப் பழகுகிறவர் தடுமாறினால் அதை மிதித்து வண்டியை நிறுத்துவார். இருபத்திரண்டு வருஷம் அதை மிதித்த கால் வேறெங்கும் சும்மா இருப்பதில்லை. பஸ்ஸில் போனால் தரையை மிதிக்கும். முடி வெட்டும் நாற்காலியில் மிதிக்கும். டிவியில் யாராவது வேகமாக ஓடினால்கூட மிதிக்கும்.

சேர வருகிறவர்களிடம் நான் கேட்பது பெயர், வயது, முகவரி. மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள், ஆனால் பயம் என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கமாட்டார்கள். தையற்காரர் ஒருவர் "கையும் ஓடல, காலும் ஓடல மேடம்" என்றார். பாங்கியில் வேலை பார்ப்பவர் "லேசா டென்ஷன்" என்று சொல்லி கர்ச்சீப்பைப் பிழிந்தார். மலை மாதிரி ஒருத்தர் வந்து "வயித்தைக் கலக்குது, பாத்ரூம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஒரு டீச்சருக்குப் படபடன்னு வந்தது, அவர் மகளுக்கு உதறல். மாமா வார்த்தையை வைத்தே ஆளை எடை போடுவார்.

"கலக்குதுங்கறவன் தேறிடுவான். டென்ஷன்ங்கறவன் நாளைக்கு கியர் மேல பழி போடுவான். பயமே இல்லன்னு ஒருத்தன் வந்தா, அன்னைக்கு நான் பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பாத்துக்குவேன்."

"உங்களுக்கு என்ன வரும் மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கா? எனக்கு என்ன வரப்போகுது?" என்றார். மேஜைக்குக் கீழே கால் மிதித்துக்கொண்டிருந்தது.

அக்கா ஒரு லாண்டரியில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். லைசென்ஸ் எடுத்தால் அங்கேயே வேன் ஓட்டலாம் என்று முதலாளியம்மா சொன்னதும் மாமாவிடமே பழகி இரண்டு முறை தேர்வுக்குப் போனாள். இரண்டு முறையும் கோட்டை விட்டாள். "இந்தத் தடவையும் வரலைன்னா வேற ஆள் பாத்துக்கறேன், கோவிச்சுக்காதே" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார்.

தேர்வு முடிந்து, முடிவுச் சீட்டைத் தானே வாங்கிக்கொண்டு வந்து மாமா சொன்னது இரண்டு முறையும் ஒன்றுதான். "நல்லாத்தான் ஓட்டறா. அதிகாரியைக் கண்டா பதறிடறா. கால் தானா பிரேக்குக்குப் போயிடுது." அக்காவும் நம்பினாள். இரண்டு பிரேக்கும் சேர்ந்தே அமுங்கும். எந்தக் கால் அமுக்கியது என்று அந்தப் படபடப்பில் யார் கண்டது? அன்றிலிருந்து காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் "இந்தக் கால்தான், பாழாப்போன கால்" என்று தன் தொடையில் ஓங்கி அடித்துக்கொள்வாள்.

மூன்றாவது தேர்வன்று காலை, தேர்வு நடக்கும் இடத்தில், பழைய முடிவுச் சீட்டுகள் இரண்டையும் விண்ணப்பத்தோடு இணைக்கச் சொன்னார்கள். "எங்கேயோ போச்சு" என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சந்தேகம் தட்டியது. காரில் தேடினேன். இன்சூரன்ஸ் உறைக்குள் நாலாக மடித்து இரண்டும் இருந்தன. தேறாததற்கு இரண்டிலும் ஒரே காரணம் எழுதியிருந்தது: பயிற்சியாளர் பிரேக்கை மிதித்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "மாமா, இதென்ன?"

"மெதுவாப் பேசு. மத்தவங்கன்னா தேவைப்பட்டாத்தான் மிதிப்பேன். உங்கக்கா ஓட்டினா கால் என் பேச்சைக் கேக்கறதில்ல."

"அப்புறம் எதுக்கு அவ பதறினான்னு சொன்னீங்க?"

"எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடறாங்க..." என்றார்.

"நீங்களே அவகிட்ட சொல்லுங்க. இல்லேன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அதற்குள் அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தேர்வில் பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க வேண்டும், அதிகாரி பின்னால். நான் வேலி ஓரமாக நின்றேன். நின்றேன் என்பதுகூடப் பொய், இருப்புக்கொள்ளாமல் நாலடிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். கார்க் கதவைத் திறந்த அதிகாரி அப்படியே நின்றுவிட்டார். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேல் சம்மணம் போட்டு, இரண்டு கைகளாலும் தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது, தியானமா?"

"பயம் சார்" என்றார் மாமா. ஜன்னல் திறந்திருந்தது, எனக்கும் தெளிவாகக் கேட்டது. "அவளுக்கு இல்ல, எனக்கு. போன ரெண்டு தடவையும் என் கால்தான் சார் போச்சு."

அக்கா திரும்பி அவரைப் பார்த்தாள். இனி இவள் ஓட்டின மாதிரிதான் என்று நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். "கிளம்பலாமா சார்?" என்றாள்.

ஏற்றத்தில் நிறுத்தி, வண்டி பின்னால் உருளாமல் எடுத்தாள். பின்னோக்கி வந்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் மாமாவின் தலை மட்டும் முன்னால் போய் வந்தது. கால் இறங்கவேயில்லை.

தேர்ச்சி என்று எழுதிய சீட்டை அக்கா இரண்டு தரம் படித்தாள்.

"நாலு மாசமா என் காலை நானே அடிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

"தப்புதான்."

"பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியலையா?"

மாமாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. அக்கா தொடையில் விழுந்த அடிகளின் சத்தம்தான் காதில் இருந்தது. "பின்னாடி ஏறுங்க" என்றாள் அவள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஏறினார். முன்னால் அவர் இடத்தில் நான் உட்கார்ந்தேன்.

முதல் நாற்சந்தியிலேயே பக்கவாட்டில் ஒரு பஸ் வந்தது. தூரத்தில்தான் வந்தது. கார் குலுங்கி நின்றது.

"யாரு?" என்றாள் அக்கா.

பின் சீட்டில் மாமா அவசரமாக இரண்டு கால்களையும் தூக்கிக் காட்டினார்.

வண்டியில் ஏதோ கோளாறு என்று எனக்கு வாய் வரை வந்துவிட்டது. "பயமா இருந்துச்சுக்கா" என்றேன்.

"சொல்லிட்டேல்ல, இப்போ காலை எடு."