எண்ணெய்க் கையும் காற்றுக் கையும்

பெரம்பலூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது, பாடம் நடத்துவதற்காக மோட்டாரில் சுழலும் இரண்டு அலுமினியக் கைகள் செய்தேன். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்பதே அவற்றின் வேலை. ஒன்றைக் கெட்டியான எண்ணெயில் மூழ்க வைத்திருந்தேன். மற்றது காற்றில் ஆடும்.

எண்ணெய்க் கை சோம்பேறி. மோட்டார் எவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும் என்று சொல்லும் 'கெயின்' என்ற எண்ணை ஏற்றிக்கொண்டே போனேன். கடைசியில் கை சட்டென்று திரும்பிக் கச்சிதமாக நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே கெயினைக் காற்றுக் கைக்கும் வைத்துவிட்டு, சோதித்துக்கூடப் பார்க்காமல் பிரின்சிபாலை அழைத்து வந்தேன்.

"பாருங்க சார், டக்குன்னு நிக்கும்" என்று மாணவர்கள் முன்னால் சுவிட்சைப் போட்டேன். கை நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டியது, திரும்பி வந்து இன்னும் வேகமாகத் தாண்டியது, அடுத்த வீச்சில் என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"எப்பங்க நிக்கும்?" என்று பிரின்சிபால் அக்கறையோடு கேட்டார்.

அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் சக விரிவுரையாளர் பிளக்கைப் பிடுங்கினார். "இதப் புடிச்சு நிறுத்த எண்ணெயே இல்லீங்களே சார், கெயினக் கொறைக்க வேணாமா?" என்றார். அந்த வாரம் அதே பாடத்தை நடத்தியவன் நான்தான்.

அவர் கெயினைக் குறைத்து மறுபடி பிளக்கைச் செருகியதும் கை லேசாக ஆடி நின்றதாம். மாணவர்கள் கைதட்டியபோது நான் மேஜைக்கடியில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.