கொல்லையில் புதைத்த சோறு

மாமியார் இறந்து சில மாதங்களில் மாமனார் தன் ஊரான நெடுங்காட்டில் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டுக் காரைக்காலில் எங்களோடு வந்து தங்கினார். எண்பதுகளின் தொடக்கம் அது. நானும் என் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க அவர் தனியாக என்ன செய்வார் என்று எனக்குக் கவலை. வந்த மறுவாரமே அவர் தனக்கொரு வேலையைத் தேடிக்கொண்டார்.

எங்கள் சந்துக்கு நகராட்சி வண்டி நினைத்தால்தான் வரும். காய்கறித் தோல், மீன் செதில், ஊசிப்போன குழம்பு எல்லாவற்றையும் கொல்லைச் சுவரோரம் கொட்டிவிடுவேன். ஈ மொய்க்கும், நாய் இழுத்துப் போகும். அதைப் பார்த்துவிட்டு, "இத இனிமே எங்கிட்ட விடும்மா" என்றார். மண்வெட்டியை எடுத்து வாழைக்குப் பக்கத்தில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார். அன்றன்றைய கழிவைக் கொட்டி மண்ணைத் தள்ளி மூடுவார். அது நிரம்பினால் அடுத்த குழி. மத்தி மீன் வாங்கிய நாளில்கூடக் கொல்லையில் நாற்றம் இல்லை. அவருக்கும் பொழுது போகிறதே என்று எனக்கு நிம்மதி.

ஆனால் ஆள் மெலிந்துகொண்டே வந்தார். காலையில் காபியை மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார். ராத்திரி, "இந்த வயசுல பால் போதும்மா" என்பார். மத்தியானச் சாப்பாட்டை நான் மூடி வைத்துவிட்டு ஆபீஸ் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். அந்த ஒரு வேளையாவது வயிறாரச் சாப்பிடுகிறார் என்று நம்பினேன். துக்கம்தான் உடம்பை உருக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள். மாமனார் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். பக்கத்து வீட்டு ராத்தா சுவருக்கு மேல் தலையை நீட்டினார். அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதீங்க. எங்க வூட்டுக் கோழி ஒங்க கொல்லையக் கெளறிப்புடுச்சு. மூக்குல பாருங்க, வாழக்காத் துண்டு! நல்ல சோத்தயா மண்ணுல போடுறீங்க?"

போய்ப் பார்த்தேன். கோழி கிளறிய இடத்தில் முந்தின நாள் நான் வைத்துவிட்டுப் போன சோறு கிடந்தது. பிசையக்கூட இல்லை. மேலே வாழைக்காய்ப் பொரியல் வைத்தது வைத்தபடி. குச்சியால் இன்னும் கொஞ்சம் கிளறினேன். அதற்கு முந்தின நாள் சோறும் இருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். விடியும் முன் எழுந்து சமைத்துவிட்டு ஓடுகிறேன், அது மண்ணுக்குப் போகிறதா? கணவரிடம் சொன்னபோது அவர், "அப்பாவுக்கு அம்மா சமையல்தான் புடிக்கும்" என்று மெதுவாகச் சொன்னார். அது இன்னும் சுட்டது.

மாமனார் வந்ததும் கேட்டேவிட்டேன். "என் சமையல் புடிக்கலன்னா சொல்லியிருக்கலாமே மாமா?"

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய் நின்று வாயைத் திறந்தார். நாக்கின் ஓரத்தில், வெளிறிப்போன விளிம்போடு ஒரு புண்.

"ஒங்க அத்தைக்கும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சுது."

அத்தை வாய்ப் புற்றுநோயில் போனவர். கடைசி நாட்களில் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"மென்னா உசுரு போவுது" என்றார். "சொன்னா தஞ்சாவூரு, பாண்டிச்சேரின்னு மறுபடியும் அலைவீங்க. அவளுக்கு அலைஞ்சது போதாதா? மிச்சம் வச்சா நீ ஏன்னு கேப்ப. அதான் மண்ணத் தள்ளிட்டேன்."

கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் மூன்று பேருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே பார்த்துவிட்டுப் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். "பெரியவரே, கடவாய்ப்பல் ஒண்ணு ஒடஞ்சு கூரா நிக்குது. அது நாக்க அறுத்துக்கிட்டே இருக்கு. மொதல்ல பல்ல எடுத்துடுவோம். புண்ணு தானா ஆறுதான்னு பாப்போம். ஆறலன்னாத்தான் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும்."

பல்லை எடுத்துவிட்டு வந்தோம். அதற்கப்புறம் காத்திருந்த நாட்கள்தான் கொடுமை. சோற்றைக் குழைய வடித்து, மோர் விட்டுக் கரைத்துக் கொடுத்தேன். முடிந்தவரை லீவு போட்டேன். தினமும் காலையில் அவர் ஜன்னலோரம் வந்து நாக்கை நீட்டுவார். கணவரும் நானும் மாறி மாறிப் பார்ப்போம். குறைந்திருக்கிறது என்பேன் நான். நேற்று மாதிரியே இருக்கிறது என்பார் கணவர். யாருடைய கண்ணை நம்புவதென்று தெரியாமல் மாமனார் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

புண் ஆறியது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்ல பெரியவரே, எல்லாம் சாப்பிடுங்க" என்றார்.

அன்று கொடுவா மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவருக்கென்று காரத்தைக் குறைக்கவில்லை. சோற்றைப் பிசைந்து முதல் வாயை வைத்தார். மென்றார். விழுங்கினார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

"எரியுதா மாமா?" என்று பதறினேன்.

"இல்லம்மா, காரம்" என்றார்.

கணவர் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.